பயிற்று மொழி: ஆங்கிலம்

கல்லூரி வாசலில் என் முகம் எட்டடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

முகம் மட்டும்தான் நான். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் கறுப்பு அங்கி. தலைக்கு மேலே யாரோ ஒருத்தியின் சதுரத் தொப்பி. அது சரியாக உட்காராமல் என் வலது காதுக்கு மேலே ஒரு விரல்கடை நீல ஆகாயம் தெரிந்தது. ஐடி கார்டுக்கு எடுத்த பழைய போட்டோவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குரூப் டூ ஏ தேர்வில் வென்ற சாதனை மாணவி த. செவ்வந்தி, பி.ஏ. வரலாறு, ஆங்கில வழி. சேர்க்கை நடைபெறுகிறது."

வென்றேன் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். நான் இன்னும் எதையும் வெல்லவில்லை. எழுத்துத் தேர்வு முடிந்து, சான்றிதழ்களைப் பதிவேற்றும்படி அழைப்பு வந்திருந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அது முடிந்துவிடும். அன்று வெள்ளிக்கிழமை. கையிலிருந்த ஃபைலில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை வாங்கத்தான் வந்திருந்தேன்.

தமிழ் வழியில் படித்தவள் என்ற சான்றிதழ். அரசு வேலையில் நூற்றுக்கு இருபது இடம் அப்படிப் படித்தவர்களுக்கு உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும், படித்த இடத்திலேயே அதை எழுதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வந்தபோது ஒரு நொடிகூட யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்தினேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அது பொய் இல்லை. என் மதிப்பெண்ணுக்குப் பொதுப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அழைப்பு வந்ததே அந்த 'ஆம்' என்பதால்தான்.

மந்தாரக்குப்பம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு, "நல்லா இரும்மா" என்று அனுப்பிவிட்டார். கல்லூரியிலும் அதே பத்து நிமிடம்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அலுவலகத்தில் ராஜேந்திரன் சார் இருந்தார். நான் சேர்ந்த நாளிலும் அவர்தான் அந்த நாற்காலியில் இருந்தார், டி.சி. வாங்கிய நாளிலும் அவர்தான்.

"இன்னாம்மா ஸ்டாரு! வெளிய பாத்தியா? உம் மூஞ்சியப் பாத்துட்டு நேத்து மட்டும் நாலு அட்மிஷன்."

"பாத்தேன் சார். தொப்பி கோணலா கீது."

"அது டிசைன் பண்ணவன் கோளாறு. ஸ்வீட் எங்க?"

"சர்டிபிகேட் குடுங்க, ஸ்வீட் வாங்கியாறேன்."

அச்சடித்த படிவத்தை நீட்டினேன். என் பெயர், பதிவு எண், படித்த ஆண்டு எல்லாம் நானே நிரப்பியிருந்தேன். முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் மட்டும்தான் பாக்கி. அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் படித்தார். முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போனது.

"தமிழ் வழியா? நாமதான் இங்கிலீஷ் மீடியமாச்சேம்மா."

"யாரு சார்? நீங்களா, நானா?"

"காலேஜும்மா. நம்ம காலேஜு."

"எந்த கிளாசுல சார்? எந்த ரூம்ல? எனக்குக் காட்டுங்க, போய் பாத்துட்டு வரேன்."

பக்கத்து மேசையில் சேர்க்கைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ராஜேந்திரன் சார் குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாத. இது என் கையில இல்ல. பிரின்சிபாலைப் பாரு. மீட்டிங்ல கீறாரு, கூப்புட்டா போ."

முதல்வர் அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். பதினொன்றேகால்.

எங்கள் கல்லூரி நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்குள் இல்லை. அதன் கடைசிக் குடியிருப்பு வட்டம் தாண்டி, ஆர்ச் கேட் தாண்டி, பண்ருட்டி போகிற வழியில் முந்திரித் தோப்புக்கு நடுவில் இரண்டு மாடிக் கட்டடம். கல்லூரிக்குத் தாளாளரின் அம்மா பெயர். ஐந்து பாடப்பிரிவுகள், மூன்று மஞ்சள் பஸ், ஒரு வாலிபால் கோர்ட். அந்தக் கோர்ட்டில் தாளாளரின் கார் நிற்கும். கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு மாடி, வரலாறு படிக்கிற எங்களுக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. கரண்ட் போனால் அவர்களுக்கு ஃபேன் சுற்றும், எங்களுக்குச் சத்தம் மட்டும் வரும்.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். பத்தொன்பது பேர் பெண்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள், கிடைத்தும் வீட்டில் கடலூர் வரை அனுப்பாதவர்கள். வாசலுக்கே பஸ் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக வரலாறு படித்தவர்கள். ஏறினால் பஸ், இறங்கினால் வகுப்பு. நடுவில் எங்கேயும் போகக் கூடாது. செல்போனை வாசலில் பிடுங்கிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிடுவார்கள். பையன்களோடு பேசினால் வீட்டுக்குப் போன் போகும். இருந்தாலும் அந்த மூன்று வருடம் எனக்குப் பிடித்திருந்தது. மதிய சாப்பாட்டுக்கு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து பதினாறு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து எல்லாவற்றிலும் எல்லாரும் கை போடுவோம். கூட உட்காரும் இசைப்பிரியா முந்திரி உடைக்கிற வீட்டுப் பெண். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல்நுனி பத்தும் கறுத்திருக்கும். "எனக்கு கைநாட்டு வெக்க மையே வேணாம்டி" என்பாள்.

பாடம் நடத்தியவர் ஜெயசெல்வி மிஸ். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பிரெஞ்சுப் புரட்சியை அவர் நடத்தியது இன்றும் காதில் இருக்கிறது.

"பாஸ்டில்னா இன்னா? ஒரு ஜெயிலு. எவ்ளோ பெருசுன்னு கேட்டா, நம்ம ஆர்ச் கேட்டு மாதிரி நாலு கேட்ட ஒண்ணா நிக்க வெச்சிக்கோ. அத்த உடைச்சிகினு ஜனங்க உள்ள போறாங்க. உள்ள போய்ப் பாத்தா எத்தினி பேர் இருந்தாங்க கைதி? ஏழே பேரு! இன்னாத்துக்குடி அப்போ உடைச்சாங்க? சொல்லு, செவ்வந்தி."

"உள்ள யாரு கீறாங்கன்றது முக்கியமில்ல மிஸ், கேட்டு மூடிகினு கீதுன்றதுதான்."

"உக்காரு. இத்த அப்டியே எழுது பரீட்சையில."

அப்படியேதான் எழுதினேன். கேள்வித்தாள் இரண்டு மொழியிலும் வரும். நாங்கள் தமிழில் எழுதுவோம். ஆறு செமஸ்டர், எல்லாத் தாளும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தமிழ். நோட்ஸ் தமிழ், இன்டர்னல் தமிழ், மிஸ் திட்டுவது தமிழ். கல்லூரியில் ஆங்கிலம் இருந்த இடம் மூன்று: பெயர்ப்பலகை, பஸ்ஸின் பக்கவாட்டு, ஆங்கிலப் பாடம். ஆங்கிலப் பாடத்தையும் தமிழில்தான் நடத்தினார்கள்.

ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள்.

முதல்வர் வைத்திலிங்கம் சார் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"உன் ரேங்க் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டேன்மா. ஆனா இதுல நான் கையெழுத்து போட முடியாது."

"ஏன் சார்?"

"நம்ம பி.ஏ. வரலாறுக்கு யுனிவர்சிட்டி குடுத்த அஃபிலியேஷனே ஆங்கில வழிதான். தமிழ் வழிக்கு நாம அப்ளையே பண்ணல. உன் டி.சி.யைப் பாரு."

ஃபைலைத் திறந்து டி.சி.யை எடுத்தேன். ஒன்பதாவது வரி. 'பயிற்று மொழி: ஆங்கிலம்.' கீழே என் கையெழுத்து. இரண்டு வருடமாக இது என் ஃபைலில் இருக்கிறது. முந்நூறு பேருடைய வரலாற்றை வருடத்தோடு மனப்பாடமாகச் சொல்வேன். என் டி.சி.யின் ஒன்பதாவது வரியை நான் படித்ததில்லை.

"இது தப்பு சார். நாங்க தமிழ்லதான் படிச்சோம். நீங்களே கிளாசுக்கு வந்து கம்பன் பாட்டெல்லாம் சொல்லியிருக்கீங்க."

"படிச்சது வேற, பதிவு வேற."

"எங்கள யாருமே கேக்கலியே சார்."

"கேட்டாங்கம்மா."

மணியடித்து, என் சேர்க்கைப் படிவத்தை எடுத்துவரச் சொன்னார். ராஜேந்திரன் சார் தூசி தட்டியபடி கொண்டுவந்து வைத்தார். மூலையில் என் பன்னிரண்டாம் வகுப்பு முகம், எண்ணெய் வழிய. முதல்வர் பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டார். 'பயிற்று மொழி' என்று போட்டு இரண்டு கட்டம். தமிழ் என்ற கட்டத்தில் யாரோ டிக் போட ஆரம்பித்து, பாதியில் அடித்திருந்தார்கள். ஆங்கிலம் என்ற கட்டத்தில் ஒரு டிக். பெரிய டிக். கட்டத்துக்குள் அடங்காமல் மேலே கிளம்பி, முந்தின வரியில் 'மதம்' என்று இருந்ததையும் கீறிவிட்டுப் போயிருந்தது.

அது அப்பாவின் டிக்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழ் என்ற கட்டத்தில் நான் பேனாவை வைத்தேன். எதிரிலிருந்த ராஜேந்திரன் சார், "இங்க எல்லாமே இங்கிலீஷ் மீடியம்தாம்மா, அத்த அடிச்சிட்டு இதுல போடு" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா உடனே, "இங்கிலீஷா சார்? எம் பொண்ணு இங்கிலீஷ்லியா படிக்கப்போவுது?" என்று கேட்டார். "ஆமாங்க, காலேஜுன்னா இங்கிலீஷ்தான்." அப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். "இத்த நான் போடறேன்."

என் அப்பா தங்கராசு மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை வாரி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. இருபத்திரண்டு வருடம். மூன்றாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். மேலே நிற்கிறவர்கள் வாக்கி டாக்கியில் என்னமோ பேசுவார்கள், இவர்கள் கூட்டத்தோடு நகர்வார்கள். "அவங்க இங்கிலீஷ்ல சொல்லிகினே போவாங்க, நாங்க தலைய ஆட்டிகினே போவோம். வூட்ல யாரனா ஒருத்தர் அத்த படிச்சிட்டா போதும்" என்பார். அன்று அந்தப் பேனாவை வாங்கியபோது அவர் கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

எங்கள் வகுப்பு இருபத்து மூன்று பேருடைய படிவத்திலும் அந்த டிக் இருக்கும். இருபத்து மூன்று அப்பா அம்மாவும் அதைப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"எங்கப்பாவுக்கு என்ன சார் தெரியும்?"

"தெரியாதுதான்."

"தமிழ் கட்டத்தை எதுக்கு அச்சடிச்சீங்க? போட உடாத கட்டம் எதுக்கு?"

"அது பொதுவான ஃபார்ம்மா."

"பரீட்சைப் பேப்பரு இருக்குமே சார். இன்டர்னல் பேப்பரு. எல்லாம் தமிழ்ல எழுதினது. அத்த காட்டினா?"

ராஜேந்திரன் சார்தான் பதில் சொன்னார். "மூணு வருஷப் பேப்பர வெச்சிகினு இருந்தோம். போன மாசம்தான் எடைக்குப் போட்டோம். இடமில்ல."

"அப்படியே இருந்தாலும் பிரயோஜனமில்ல," என்றார் முதல்வர். "ஆங்கில வழியில சேந்துட்டுத் தமிழ்ல பரீட்சை எழுத அனுமதி உண்டு. அதனால அது தமிழ் வழி ஆகாது. விதி அப்படி."

"விதிய வுடுங்க சார். உண்மை எது?"

அவர் தன் போனை எடுத்து எதையோ தேடினார். தேடிக்கொண்டே, "உண்மைன்னு நீ கேட்கிறதால சொல்றேன். கோவிச்சுக்காதே," என்றார். போனை என் பக்கம் திருப்பினார்.

கல்லூரியின் முகநூல் பக்கம். மூன்றாம் ஆண்டில் எடுத்த வீடியோ. நான் எழுந்து நிற்கிறேன். சீருடையில், இரட்டைச் சடையில்.

"குட் மார்னிங் சார். ஐ ஆம் செவ்வந்தி, ஃபைனல் இயர் ஹிஸ்டரி. அவர் மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன் இஸ் இங்கிலீஷ். அவர் டீச்சர்ஸ் டீச் அஸ் ஒன்லி இன் இங்கிலீஷ். வீ ஆர் வெரி ஹாப்பி. தேங்க் யூ சார்."

கைதட்டல். அறுநூறு பேர் லைக் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது.

பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் ஆய்வுக்கு வந்த நாள் அது. அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வருகிறார்கள், அது கிடைக்காவிட்டால் உங்கள் டிகிரிக்கே ஆபத்து என்று சொன்னார்கள். ஒரு வாரம் முன்னாலிருந்து ஒத்திகை. எங்கள் கரும்பலகையை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினார்கள். சுவரிலிருந்த தமிழ்ப் படங்களைக் கழற்றினார்கள். இசைப்பிரியாவையும் இன்னும் மூன்று பேரையும் கடைசி வரிசைக்கு மாற்றி, கையை டெஸ்க்குக்குக் கீழேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குக் குரல் பெரியது, பயம் கிடையாது. அதனால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயசெல்வி மிஸ் அந்த ஆறு வரியைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில், குளிக்கும்போது, சோறு வடிக்கும்போது எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லிக் காட்டினேன். அர்த்தம் கேட்காமலேயே, "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

நான் சொல்லி முடித்ததும், வந்தவர்களில் மூத்தவர் சிரித்துக்கொண்டே, "நல்லா பேசினம்மா. எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார். "மந்தாரக்குப்பம் சார்." "அப்பா மைன்ஸா?" "ஆமா சார், கான்ட்ராக்டு." அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீடியோவில் அந்தப் பகுதி இல்லை. கைதட்டலோடு முடிந்துவிடும்.

"அது நீங்க சொல்லச் சொன்னது சார்."

"ஆமா."

"அது பொய்தானே?"

"அது இன்ஸ்பெக்ஷன்மா. எங்கயும் நடக்கறதுதான். காலேஜுக்காகச் சொன்னது."

"அப்ப காலேஜுக்காக நான் பொய் சொன்னேன். எனக்காக நீங்க ஒரு உண்மைய சொல்ல மாட்டீங்களா?"

இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அதற்காக இன்றைக்கும் எனக்கு என் மீதே ஆத்திரம்.

அவர் மேசை மீதிருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "இதுல நான் கையெழுத்து போட்டேன்னு வை. அவங்க யுனிவர்சிட்டிக்கு அனுப்பிச் சரி பாப்பாங்க. 'இந்தக் காலேஜ்ல தமிழ் வழியே கிடையாது'ன்னு பதில் வரும். உன்னைத் தேர்வே எழுத முடியாம பண்ணிடுவாங்க. என் மேல போலிச் சான்றிதழ் கேஸ். உனக்கு நல்லது பண்றதா நெனச்சி கெடுத்துடுவேன்மா."

அதில் தப்பு கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. அவர் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் சரி. கோபத்துக்கு ஒரு இடம் வேண்டும், எங்கே வைத்தாலும் அது வழுக்கி என் மடியிலேயே வந்து விழுந்தது.

"யுனிவர்சிட்டியில மனு குடுத்தா?"

"குடுக்கலாம். கோர்ட்டுக்கும் போலாம். திங்கட்கிழமைக்குள்ள எதுவும் வராது."

படிவத்தை என் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்து வர வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

எழுந்தேன். கதவருகே நின்று, "அப்ப அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டுங்க சார்," என்றேன்.

"அது மேனேஜ்மென்ட் வெச்சது. அட்மிஷன் முடியட்டும்மா."

வெளியே போர்ட்டிகோவில் ஷாமியானா போட்டு, சேர்க்கைக்கு மேசை வைத்திருந்தார்கள். அங்கே ஜெயசெல்வி மிஸ் ஒரு அம்மாளுக்கும் அவர் பெண்ணுக்கும் படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கோடையில் ஆசிரியர்கள் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஜூனில் நீங்கள் வரவேண்டாம் என்பார்கள். என்னைப் பார்த்ததும் மிஸ் முகம் மலர்ந்தது.

"ஏய் செவ்வந்தி! போர்டு பாத்தியா? அந்தப் பொண்ணுகிட்ட இப்பதான் உன்னப் பத்தி சொல்லிகினு இருந்தேன்."

"இன்னா சொன்னீங்க மிஸ்? இங்கிலீஷ்ல நடத்துவோம்னு சொன்னீங்களா?"

மிஸ் அந்த அம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து என் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார். எல்லாவற்றையும் சொன்னேன். டி.சி., அப்பாவின் டிக், வீடியோ. கேட்கக் கேட்க அவர் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாம் மிஸ்."

"எதைடி?"

"டி.சி.ல இன்னா வரும்னு. மூணு வருஷம். நீங்க தமிழ்ல நடத்தறீங்க, நாங்க தமிழ்ல எழுதறோம், பதிவுல இங்கிலீஷ்னு போவுதுன்னு. உங்களுக்குத் தெரியாதா? துண்டுச்சீட்டு எழுதிக் குடுக்கத் தெரிஞ்சிது இல்ல?"

அவர் முகத்தில் அடித்தது போல் ஆனது. வேண்டுமென்றேதான் சொன்னேன். முதல்வரிடம் சொல்ல முடியாததை, விதியிடம் சொல்ல முடியாததை, எனக்கு ஆறு செமஸ்டர் சொல்லிக்கொடுத்த ஒரே ஆளிடம் சொன்னேன். வேறு யாரையும் என்னால் காயப்படுத்த முடியவில்லை.

"சத்தியமா எனக்கு அது தோணலடி," என்றார். "நானும் இந்த மாதிரி காலேஜ்லதான் படிச்சேன். என் டி.சி.ல இன்னா போட்டுகிதுன்னு இன்னிக்கி வரைக்கும் நான் பாத்ததில்ல. டிகிரி வந்துச்சே, அது போதும்னு இருந்துட்டேன்."

பிறகு மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவந்தார். தூணில் வைத்து எழுதினார். 'த. செவ்வந்தி என்ற மாணவிக்கு மூன்று ஆண்டுகளும் எல்லா வரலாற்றுப் பாடங்களையும் நான் தமிழில்தான் கற்பித்தேன் என்று உறுதி கூறுகிறேன்.' பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார்.

"மிஸ், இது செல்லாது."

"தெரியும்."

"யாரனா பாத்தா உங்க வேலை போயிடும்."

"போனா போவட்டும். வெச்சிக்கோ. நான் பண்ணது அது ஒண்ணுதான், அத்தயாவது எழுதித் தரேன்."

வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "வரேன் மிஸ்" என்றேன். பின்னால் அந்த அம்மாள் குரல் கேட்டது: "டீச்சர், இந்த ரெண்டு கட்டத்துல எதுல டிக் போடணும்?"

நின்று திரும்பினேன். அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மிஸ் என்னைப் பார்த்தார்.

"தமிழ்ல போடுங்கம்மா," என்றேன் நான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ராஜேந்திரன் சார் சொன்னார், சலிப்போ கோபமோ இல்லாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி: "இங்க தமிழ் மீடியம் கிடையாதும்மா. அதுல போட்டா ஃபார்ம் ரிஜெக்ட் ஆயிடும்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போர்டில் இருக்கிற பெண் இவள்தானா என்று சரிபார்க்கிற பார்வை. "உனுக்கு இங்கிலீஷ் கெடச்சிடுச்சி, எம் பொண்ணுக்கு மட்டும் தமிழா?" என்றார்.

வாசலுக்கு நடந்தேன்.

வாசலில், ஃப்ளெக்ஸுக்குக் கீழே, ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி நின்றது. அதன் ஹேண்டிலில் மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. அப்பா தலையை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கழுத்து மடிப்பில் கரி.

"வந்துட்டியா பாப்பா? கூட வேல செய்யற அன்புமணி சொன்னான், உம் பொண்ணு போட்டோவ மெயின் ரோட்ல வெச்சிகிறாங்கன்னு. ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிஞ்சி நேரா இங்கதான் வரேன், வூட்டுக்கே போவல."

"சாப்டியாப்பா?"

"அது கெடக்குது. வாங்கிட்டியா? சார் ஒரு பேப்பர் குடுப்பாருன்னியே?"

ஃபைலின் முதல் பிளாஸ்டிக் உறையில் மிஸ் எழுதிய தாள் தெரிந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"இதானா?"

"ம்."

"கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்களா?"

"போட்டுட்டாங்கப்பா."

மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவள் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். வாய் அடங்காதவள் என்றும் சொல்வார்கள். அந்த வாய் இதோடு நின்றுவிட்டது.

அப்பா மறுபடி அண்ணாந்தார். விரலை நீட்டி எழுத்துக் கூட்டினார். "செவ்... வந்தி. பி.ஏ. வர... லாறு. ஆங்... கில... வழி." கடைசி இரண்டு சொல்லையும் மறுபடி படித்தார். "ஆங்கில வழி."

"ஆமாப்பா."

"ஞாபகம் கீதா பாப்பா? அன்னிக்கி நீ தமிழுக்குப் போட்டுகினு இருந்த. நாந்தான் பேனாவ வாங்கி டிக் போட்டேன். அன்னிக்கி நான் வுட்டுட்டிருந்தா இன்னிக்கி இந்த போர்டு இருக்குமா?"

"இருக்காதுப்பா."

"அதான!"

அவர் சிரித்தபோது பற்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. தூரத்தில் புகைபோக்கிகள் எப்போதும்போல் புகைந்துகொண்டிருந்தன. மூன்று மணி வெயில். என் போனைக் காட்டி, "ஒரு போட்டோ எடு," என்றார். ஹெல்மெட்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸுக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றார்.

போனில் பார்த்தேன். அவர் தலைக்குப் பக்கத்திலேயே அந்த இரண்டு சொல்லும் பளிச்சென்று தெரிந்தன.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாப்பா."

வந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

இப்போது அவர் தலை அந்தச் சொற்களை முழுதாக மறைத்தது. 'பி.ஏ. வரலாறு' மட்டும் தெரிந்தது. பட்டனில் விரலை வைத்தேன்.

"இரு, இரு," என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். "எழுத்து மறையுதே பாப்பா." இரண்டடி தள்ளி நின்று, விரலால் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தார். "இப்ப எடு."

எடுத்தேன்.

"எனுக்கு அனுப்பு. ஷிப்டு குரூப்புல போடணும்."

அனுப்பினேன்.